தெரிஞ்ச கச்சான்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் வாங்கிய கச்சான் சரை, வறுத்த நிலக்கடலைக் கடதாசிச் சுருள்தான், பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தி வருவதற்குள் பாதி முடிந்திருந்தது. அடுத்ததை வாயில் போட்டேன். அப்படி ஒரு கைப்பு! காதுவரை ஏறிவிட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்துக் கொண்டக்டர் அண்ணை ரிக்கெற் கிழிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

“என்ன தங்கச்சி, கைச்சுப் போச்சே? கெதியா இன்னொண்டைப் போடும். சரியாகீடும்.”

பின் சீற்றில் இருந்த வயதான அம்மா ஒருவரும் சேர்ந்துகொண்டார். “கடைசியாப் போடுறது தான் எப்பவும் கைக்கும். அதுக்குத்தான் நான் ஒண்டை மிச்சம் பிடிச்சு வைக்கிறனான்.”

எங்கள் ஊரில் கைத்த கச்சானுக்கு வைத்தியம் இன்னொரு கச்சான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நான் மட்டும் அன்றைக்கு அடுத்ததைப் போடாமல், துப்பியதைச் சரைக் கடதாசியில் வைத்துப் பார்த்தேன். சூம்பிய பருப்பு. ஓரம் கறுத்திருந்தது. மூலைக்குள் சாம்பல் பூத்த மாதிரி ஏதோ.

அப்போதுதான் பளிச்சென்று அடித்தது. நான் அப்போது உணவு ஆய்வுகூடம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பூஞ்சணம் உணவில் விடுகிற நஞ்சைத் தேடுவதுதான் என் வேலை. ஒரு சாக்குக் கச்சானிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சோதித்து, சாக்கு முழுவதற்கும் சேர்த்துப் பதில் எழுதிக்கொண்டிருந்தோம். நஞ்சோ சாக்கெங்கும் சர்க்கரை மாதிரிக் கரைந்து கிடப்பதில்லை. இப்படி ஒன்றிரண்டு பருப்புக்குள் முழுதுமாய்க் குந்தியிருக்கும். என் கைப்பிடிக்குள் அந்த ஒன்று அகப்படாவிட்டால்? அகப்படாத அந்த ஒன்று எங்கே போகிறது?

பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய், ஆய்வுகூடத் தலைவி ரஞ்சினி மிஸ்ஸின் மேசையில் சரையை விரித்து வைத்தேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “வதனி, இது நீர் துப்பினதே?”

“ஓம் மிஸ்.”

“கைக்கிறதெல்லாம் நஞ்சும் இல்லை. நஞ்செல்லாம் கைக்கிறதும் இல்லை. விளங்குதே? இப்ப உதை எடும், நான் தேத்தண்ணி குடிக்க வேணும்.”

சரையை எடுத்தேன். யோசனையை எடுக்கவில்லை. அது இன்றுவரை கூடவே வருகிறது.

எங்கள் ஆய்வுகூட மலரில் இந்தப் பக்கத்தின் வழக்கமான வாசகர்கள் இப்போது நெற்றியைச் சுருக்குவீர்கள். ஓய்வுபெற்றோருக்கான பக்கத்தில் முப்பத்தைந்தைத் தொடாத ஒருத்திக்கு என்ன வேலை? குற்றம் என்னுடையதல்ல. ஆய்வுகூடத்துக்கு ஆளெடுத்த திட்டம் முடிந்தது, என் ஒப்பந்தமும் முடிந்தது. எனக்குப் பின் சேர்ந்த கோபிகா, “அக்கா, இனி நீங்கள் பென்சனியர். எழுதித் தாங்கோ” என்று மலர்க் குழுவுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாள். பென்சன்தான் இல்லை, பெருமையாவது இருக்கட்டும் என்று சம்மதித்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன். உடைத்தேன். மறுபடி கழுவினேன். பட்டம் எடுத்த மூளை கொஞ்சம் ஆறுதலாகத்தான் கைக்கு இறங்கி வரும். அவ்வளவுதான்.

ரஞ்சினி மிஸ்ஸைப் பற்றித்தான் நிறையச் சொல்லலாம். மிஸ் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. அவரது கோபத்தை அளக்க எங்களிடம் வேறு கருவி இருந்தது. சாதாரண நாளில் எங்களை “நீர்” என்பார். “நீர் சாப்பிட்டீரோ?”, “நீர் உதை வடிவாக் கலக்கும்.” பிழை ஏதும் கண்டுவிட்டால் மரியாதை கூடிவிடும். “நீங்கள் இதை எப்ப வடிச்சனீங்கள்?” என்று தொடங்கினால், முழு ஆய்வுகூடமும் மூச்சை அடக்கும். கோபிகா சேர்ந்த முதல் வாரம், “மிஸ் எனக்கு எவ்வளவு மரியாதை தாறா!” என்று புளகாங்கிதப்பட்டுத் திரிந்தாள். பாவம், அவளுக்கு யார் சொல்வது என்று நாங்கள் சீட்டுக் குலுக்கினோம்.

மிஸ்ஸிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. முடிவு எழுதும்போது “நஞ்சு இல்லை” என்று எழுத விடமாட்டார். “காணவில்லை” என்றுதான் எழுத வேண்டும்.

“இல்லை எண்டு சொல்ல நீர் ஆர்? நீர் பாத்தனீர், காணேல்லை. அவ்வளவு தான் உமக்குத் தெரியும்.”

செய்முறையிலும் அதே கண்டிப்பு. வந்த பொருளை ஒரு பருப்பு மிச்சமில்லாமல் அரைக்க வேண்டும். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, மாவை வட்டமாகப் பரப்பி, ரொட்டியை வெட்டுவது போல நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறு இரண்டை எடுத்துச் சேர்த்துக் கலந்து, மறுபடி பரப்பி, மறுபடி நாலாக. இப்படியே சின்னக் கிண்ணம் அளவுக்கு வரும்வரை. பிறகு மதுசாரத்தில் குலுக்கி, வடித்து, அந்தச் சாற்றில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் பூசிய வெள்ளைப் படலத்தில் பொட்டு வைப்போம். தட்டைத் திரவத்தில் நிறுத்தினால் ஈரம் மெல்ல மேலே ஏறும், பொட்டிலுள்ளவற்றைத் தனித்தனியாக இழுத்துக்கொண்டு.

கடைசியில் இருட்டுப் பெட்டிக்குள் தட்டை வைத்துப் புற ஊதாக்கதிர் விளக்கைப் போடுவோம். அஃப்லரொக்சின் என்கிற அந்தப் பூஞ்சண நஞ்சு இருந்தால், நீலமாக ஒரு பொட்டு மினுங்கும். அதன் உறவுக்காரர் பச்சையாக மினுங்குவார். முதன்முதல் பார்த்தபோது, “ஐயோ, எவ்வளவு வடிவு!” என்று கத்திவிட்டேன். “வடிவு தான்” என்றார் மிஸ். “ஈரலுக்குத் தான் பிடிக்காது.”

இனி அந்த வழக்கு.

தெல்லிப்பழைப் பக்கத்துக் கிராமமொன்றில் கமலாக்கா என்பவர் தலைமையில் சில பெண்கள் சேர்ந்து சத்துமா தயாரித்தார்கள். சிவப்பரிசி, பயறு, உளுந்து, கச்சான் எல்லாம் வறுத்து அரைத்த மா. அக்கம்பக்கத்து முன்பள்ளிகளின் பெற்றோர், பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சிக்கு அதையே வாங்குவதாக இருந்தார்கள். ஆய்வுகூடத்தில் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

கமலாக்கா கலியாண வீட்டுக்கு வருவது போல வந்தார். நல்ல சேலை, கையில் பை, பைக்குள் கட்டுக் கட்டாகப் பொதிகள். மா ஒரு பொதி, அரிசி ஒன்று, பயறு ஒன்று, உளுந்து ஒன்று. கச்சான் பொதியை மட்டும் இரண்டு கையாலும் தந்தார்.

“இது தெரிஞ்ச கச்சான், பிள்ளை.”

“ஓமக்கா” என்று வாங்கி, “தெரிந்த வியாபாரியிடம் பெற்றது” என்று பொதியில் எழுதி ஒட்டினேன்.

அரைத்தோம், கூறு போட்டோம், பொட்டு வைத்தோம், விளக்கைப் போட்டோம். அரிசி இருட்டு. பயறு இருட்டு. உளுந்து இருட்டு. கச்சானும் அமாவாசை. கடைசியாக மா. பெட்டிக்குள் நீலப் பொட்டு ஒன்று, கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லதையும் நல்லதையும் கலந்தால் கெட்டது வருமா? கோபிகா தலையைச் சொறிந்தாள். “அக்கா, உது சம்பந்தம் பேசினாப் பிறகு சண்டை வாற மாதிரி. தனித்தனிய எல்லாரும் நல்ல ஆக்கள் தான்.”

மிஸ் வந்து தட்டைப் பார்த்தார். “நீங்கள் கிண்ணங்களை வடிவாக் கழுவினனீங்களோ?”

நீங்கள்! எனக்கு வியர்த்தது. எல்லாவற்றையும் புதுக் கிண்ணத்தில் மறுபடி செய்தேன். மறுபடியும் அதே நீலம். அரைக்கிற மில்லில் ஏதும் ஒட்டியிருக்குமோ என்று மில்லின் வாயில் துடைத்தெடுத்த தூளைச் சோதித்தோம். சும்மா ஒரு மங்கல். மாவில் கண்ட நீலத்துக்கு அது போதாது. மாவை வைத்திருந்த வாளி, புதிது. ஈரம், இல்லை. எல்லாக் கதவையும் தட்டிவிட்டேன், ஒன்றும் திறக்கவில்லை.

கமலாக்காவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டி வந்தது. இந்த முறை கணவரோடு வந்தார். அவரை எல்லோரும் செல்வண்ணை என்பார்கள். மெலிந்த மனிதர், பகிடிக்குக் குறைவில்லை. ஒரு கன்னம் மட்டும் உள்ளே இழுத்திருந்தது. மிஸ் விசயத்தை நேராகச் சொன்னார். மாவில் பூஞ்சண நஞ்சு இருக்கிறது. காரணம் தெரியும்வரை ஒருத்தருக்கும் கொடுக்க வேண்டாம்.

“வறுத்துத் தானே மிஸ் அரைக்கிறம்? பூஞ்சணம் செத்துப் போகாதே?”

“பூஞ்சணம் சாகும். அது விட்டிட்டுப் போற நஞ்சு லேசிலை போகாது.”

கமலாக்கா அடுத்துக் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

“மிஸ், மறைக்காமச் சொல்லுங்கோ. உந்த நஞ்சு புற்றுநோயைக் கொண்டருமாமே? இவருக்கு வாயிலை புத்து வந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை ஒண்டும் இறங்கேல்லை. உந்த மாவைத் தான் கஞ்சியாக் காய்ச்சிப் பருக்கினனான். விடியவும் பின்னேரமும். நான் கஞ்சி எண்டு நஞ்சையே குடுத்தனான்?”

மிஸ் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, கமலாக்காவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் அவர் வந்து இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“கேளுங்கோ. அண்ணைக்கு வந்தது வாயிலை. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதையுங்கோ. இந்த நஞ்சு முக்கியமாப் பழுதாக்கிறது ஈரலை. கனகாலம் திருப்பித் திருப்பிச் சாப்பிட்டால் ஈரலிலை புற்றுநோய் வாற ஆபத்துக் கூடும். ஈரல் முந்தியே பழுதெண்டால் இன்னும் கூடும். சில கிழமை கஞ்சி குடிச்ச எல்லாருக்கும் வருமெண்டு இல்லை. வரவே வராதெண்டும் நான் சொல்ல மாட்டன், எனக்குத் தெரியாது. அண்ணை கிளினிக்குக்குப் போகேக்கை ஈரலையும் ஒருக்காப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ.”

செல்வண்ணை தொண்டையைச் செருமினார். “மிஸ், உது வெத்திலையும் போயிலையும் செய்த வேலை. நான் சப்பினது எனக்குத் தெரியாதே? இவள் அந்தப் பேரைத் தன்ரை கஞ்சிக்கு எடுக்கப் பாக்கிறாள். கஞ்சி இல்லாட்டி நான் அப்பவே போயிருப்பன்.”

“நீங்கள் சும்மா இருங்கோ. பகிடி விட இடம் தெரியாது.” கமலாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இவருக்குச் சரி. பிள்ளையளுக்கு? காரணம் தெரியாமல் நான் இனிக் கரண்டியைத் தொடமாட்டன், மிஸ்.”

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மனிசி எழும்பிப் போனால், அதற்குப் பிறகு பதில் தேடாமல் இருக்க முடியுமா? அடுத்த நாளே மிஸ்ஸும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

வெளி விறாந்தையில் பெண்கள் சுளகுகளோடு இருந்தார்கள். கதையும் சிரிப்பும் வேலையும் ஒன்றாக நடந்தன. கமலாக்கா முதல் வேலையாக ஒரு தட்டு நிறைய வறுத்த கச்சான் கொண்டுவந்து வைத்தார். எடுத்துச் சாப்பிட்டேன். பேசிப் பேசி முக்கால் தட்டு முடிந்தது. அப்போதுதான் உறைத்தது, ஒன்றுகூடக் கைக்கவில்லை.

“அக்கா, இதென்ன, ஒரு கச்சானும் கைக்கேல்லையே?”

“எப்பிடிக் கைக்கும்? அது தெரிஞ்சது எல்லோ.”

“எந்தத் தெரிஞ்ச கடையிலை வாங்கினனீங்கள்?”

விறாந்தை முழுதும் சிரித்தது. சுளகோடு இருந்த ஒரு பெண், “கடை இல்லையக்கா, கை!” என்று விரலைக் காட்டினாள். தன் சுளகிலிருந்து கறுத்த பருப்பொன்றைப் பொறுக்கி ஒரு பெட்டிக்குள் போட்டாள். “இப்பிடித் தெரியிறது. உது தெரிஞ்சது, இது மிச்சம்.”

தெரிந்தெடுத்த கச்சான்! நான் கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவள். அரிசி தெரிவதும் பயறு தெரிவதும் என் வீட்டிலும் தினம் நடக்கிறது. வெள்ளை மேலங்கி போட்ட உடனே அந்தச் சொல் என் காதுக்குள் சட்டை மாற்றிக்கொண்டுவிட்டது. மிஸ் என்னைப் பார்த்தார். “நீங்கள் பொதியிலை என்ன எழுதினனீங்கள்?” என்று மட்டும் கேட்டார். நான் தட்டைப் பார்த்தேன்.

ஆனால் பெரிய கேள்வி அதுவல்ல. பஸ்ஸில் என்னைப் பிடித்த பழைய கேள்வி, இப்போது பெட்டிக்குள் கிடந்தது.

“அக்கா, இந்த மிச்சம் எங்கை போகும்?”

“மாவுக்கு. முழுசா இருக்கிறதை அல்வாவுக்கும் சரைக்கும் எடுப்பம். சூம்பினது, உடைஞ்சது, கறுத்தது எல்லாம் அரைக்கிறதுக்கு. எறிஞ்சால் பாவம் எல்லோ. அரைச்சால் ஆருக்குத் தெரியும்?”

சொல்லி முடிக்கும்போதே கமலாக்காவின் குரல் இறங்கிவிட்டது. பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்ப ஏன் அக்கா எங்களுக்கு நல்ல கச்சானைக் கொண்டு வந்தனீங்கள்?”

“என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? படிச்ச ஆக்கள் இருக்கிற இடத்துக்கு ஒண்டு கொண்டு போறதெண்டால் சூம்பலையே கொண்டு போறது? அது மரியாதையே?”

மரியாதை! ஊரிலிருந்து எங்களுக்கு வந்த ஒவ்வொரு பொதியும் என் கண் முன்னால் அணிவகுத்தது. துடைத்த மிளகாய், பொறுக்கிய பயறு, பளபளத்த பனங்கிழங்கு ஒடியல். எல்லாம் தெரிந்தவை. எங்களை மதித்து, எங்களுக்கென்று தெரிந்தவை. பிள்ளைகள் சாப்பிடுவது வேறு, நாங்கள் சோதிப்பது வேறாக இருந்திருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உபசரித்துத்தான் எங்களைக் குருடாக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியை அப்படியே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனோம். விளக்கைப் போட்டபோது மிஸ் பெட்டிக்குள் குனிந்து, கொஞ்ச நேரம் எழும்பவில்லை. “வதனி, வந்து பாரும்” என்றார். நீலம் திருவிழா வைத்திருந்தது. அதைவிட எனக்கு இனித்தது அந்தப் “பாரும்”.

கமலாக்கா தன் குழுவைக் கூட்டிவைத்து ஒரே வரியில் முடித்தார். மிச்சம் இனி மாவுக்கு இல்லை. “அப்ப கோழிக்குப் போடுவமே?” என்று யாரோ கேட்டார்கள்.

“கோழிக்கும் ஈரல் இருக்குதக்கா” என்றேன்.

“மாட்டுக்கு?”

“பாலிலை திரும்பி வரும்.”

“அப்ப செல்வண்ணைக்கும் குடுக்கேலாது” என்றாள் சுளகுக்காரி. அதிகம் சிரித்தவர் செல்வண்ணைதான். அன்றே கிடங்கு வெட்டி மிச்சத்தைப் புதைத்தவரும் அவர்தான். பிறகு கிளினிக்கில் ஈரலையும் பார்த்தார்கள். பிழையாக ஒன்றும் காணவில்லை என்று சொன்னார்களாம். “அங்கையும் ‘காணேல்லை’ எண்டு தான் சொல்லுகினம், மிஸ் சொல்லிக் குடுத்ததோ?” என்று எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த மாவுக்கு மாதிரியை நாங்களே போய் எடுத்தோம். சாக்கின் வாயிலும் நடுவிலும் அடியிலும் கைவிட்டு, நல்லது கெட்டது பாராமல் அள்ளினோம். மாவையும் வாளியிலிருந்து அப்படியே எடுத்தோம். சாக்கிலிருந்து வந்த, இன்னும் பொறுக்காத, தெரியாத கச்சானில் மங்கலாக ஒரு நீலம். தெரிந்தபின் அரைத்த மா இருட்டு. பெரிய எழுத்தில் “காணவில்லை” என்று எழுதினேன். என் வேலைக் காலத்தில் நான் எழுதிய மிக அழகான சொல் அது. முன்பள்ளிப் பெற்றோர் வந்து கேட்டபோது, கமலாக்கா பழைய மா, புது மா இரண்டின் தட்டையும் படம் பிடித்த தன் கைத்தொலைபேசியைக் காட்டி ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். அடுத்த கிழமையே பிள்ளைகளுக்குக் கஞ்சி தொடங்கிவிட்டது. முதல் நாள் கஞ்சியை முன்னால் நின்று குடித்துக் காட்டியவர், வேறு யார், செல்வண்ணை.

என் கடைசி நாளில் ரஞ்சினி மிஸ் எனக்குப் பிரியாவிடைப் பேச்சு எதுவும் பேசவில்லை. கச்சான் சரை ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மேசையில் கொட்டி, பேச்சோடு பேச்சாகக் கறுத்ததையும் சூம்பியதையும் விரலால் ஒதுக்கிவிட்டு, நல்லதை என் பக்கம் தள்ளினார்.

“தெரிஞ்சது. சாப்பிடு” என்றார்.

சாப்பிடும் இல்லை, சாப்பிடுங்கோ இல்லை, சாப்பிடு. இத்தனை காலத்தில் அவர் என்னை “நீ” ஆக்கியது அன்றுதான். கோபிகா என் காலை மேசைக்கடியில் மிதித்தாள். நான் ஒன்றைக்கூட மிச்சம் பிடிக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

இனி என்ன என்று எல்லோரும் கேட்கிறீர்கள். மாரி மழை தொடங்க முன் கமலாக்காவும் நானும் தென்மராட்சிப் பக்கம் வீடு வீடாகப் போகப் போகிறோம். கச்சான், மிளகாய்த்தூள், ஒடியல் மா, எதெல்லாம் ஈரத்தில் கிடந்து அரைபடுகிறதோ அதெல்லாம் வேண்டும். சோதித்துத் தர மிஸ் சம்மதித்துவிட்டார். பிரச்சினை சோதனையில் இல்லை, கேட்பதில்தான். எங்களைக் கண்டதும் சனம் நல்லதாகத் தெரிந்து கட்டித் தந்துவிடும். அதனால் கமலாக்காவின் குசினியில் நேற்று ஒத்திகை நடந்தது. வீட்டுக்காரி அவர், கேட்டு வருபவள் நான்.

“அம்மா, சோதிக்கிறதுக்குக் கொஞ்சம் கச்சான் தருவியளோ?”

“உப்பிடிக் கேட்டால் சாமிக்குப் படைக்கிறதைத் தான் தருவன். வேறை மாதிரிக் கேளும்.”

“அரைக்க வைச்சிருக்கிறதிலை ஒரு சிறங்கை தாங்கோ.”

“அதையும் பொறுக்கிப் போட்டுத் தான் தருவன். விடமாட்டன்.”

கொஞ்சம் யோசித்தேன். “அம்மா, தெரியாத கச்சான் இருக்கே?”

கமலாக்கா அகப்பையோடு திரும்பினார். “தெரியாத கச்சானோ? அதென்ன பிள்ளை, புது இனமோ?” என்று வீட்டுக்காரியாகவே கேட்டார். பிறகு தன்னை மறந்து சிரித்தார்.

அதுதான் வேண்டும். அப்படி யாராவது வாசலில் நின்று கேட்டால், கதை தொடங்கிவிடும். திங்கட்கிழமை முதல் வீடு. தெரியாத கச்சானிலிருந்து தொடங்குகிறோம்.